இடைவெளி விடாதவள்

கரண்ட் போனால்தான் அக்காவுக்கு முகத்தில் களை வரும். தெருவே விசிறி மட்டையைத் தேடிக்கொண்டிருக்கும்போது, அவள் மட்டும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சிரித்த முகத்தோடு மாடிப்படி ஏறி வருவாள்.

திருத்தணியில் நான் வாடகைக்கு இருந்தது அவர்கள் வீட்டு மாடியில். கீழ்த்தளம் முழுக்க விசைத்தறி. எனக்கு ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. விடிந்ததும் போய், வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்கு ஊசி குத்தி ரத்தம் எடுத்துக் கொடுத்துவிட்டால், மறுபடி சாயங்காலம் போனால் போதும். நடுவில் கிடைக்கிற பகலைத் தறிச் சத்தத்தோடுதான் கழிக்கவேண்டும். அதிர்வில் சொம்புத் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கிக்கொண்டிருக்கும்.

அக்கா அந்த வீட்டின் இரண்டாவது மருமகள். சமையல், அதன்பிறகு நூல் சுற்றும் மெஷின், மதியச் சோறு, மறுபடி மெஷின், ராத்திரிக்கு டிபன். தறி ஓடும்வரை அவளுக்கு ஓய்வு கிடையாது. தறி நிற்பது கரண்ட் நிற்கும்போதுதான். மாதத்தில் ஒரு நாள், பராமரிப்பு வேலை என்று காலையிலிருந்து மதியம்வரை கரண்ட் இருக்காது. மற்றவர்கள் முகூர்த்த நாள் பார்ப்பதுபோல அக்கா அந்த நாளைப் பேப்பரில் தேடுவாள்.

அன்றைக்குத் தறிக்காரர்கள் டீக்கடைக்குப் போய்விடுவார்கள். அக்காவின் வீட்டுக்காரர் தறிக்கடியிலேயே துண்டை விரித்துப் படுத்துவிடுவார். அக்கா மாடியில் என் போர்ஷனுக்குப் பக்கத்தில், நூல் மூட்டை அடுக்கியிருக்கும் அறையைத் திறப்பாள். மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு பழைய லேப்டாப்பும் ஒரு கருப்புப் பெட்டியும் வெளியே வரும். பெட்டியில் இரண்டு வட்டத் தட்டுகள், நடுவில் மேலும் கீழும் தள்ளுகிற பித்தான்கள். வீட்டில் எல்லோரும் அதை டிஜே பொட்டி என்றுதான் சொல்வார்கள். கல்யாணத்துக்கு முன்பு அரக்கோணத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தபோது, சம்பளத்தில் மிச்சம் பிடித்து அவளே வாங்கியது. லேப்டாப்பில் சார்ஜ் இருக்கும்வரை பெட்டி உயிரோடு இருக்கும். சார்ஜ் தீர்ந்தால் அந்த மாதம் முடிந்தது.

அதனால் அந்த நேரத்தில் அவள் எதையும் தேடிக்கொண்டிருக்க மாட்டாள். எந்தப் பாட்டோடு எந்தப் பாட்டு சேரும் என்பதை மாதம் முழுக்க மெஷின் முன்னால் உட்கார்ந்தபடியே மனதுக்குள் முடிவு செய்து வைத்திருப்பாள். நூல் சுற்றும்போது அவள் வலது கால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். "கரண்ட் இருக்கறப்ப யோசிக்கணும், போனா வாசிக்கணும்" என்பாள்.

என்னை உள்ளே விட்டதற்கு ஒரே காரணம், நான் பேசமாட்டேன் என்பது. சார்ஜ் போட்டு வைத்த சின்ன ஸ்பீக்கர் முன்னால் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து கேட்பேன். ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பாட்டின் தாளம் அதற்கு அடியில் வந்து உட்காரும். இரண்டும் ஒரே நடையில் கொஞ்ச தூரம் போகும். எப்போது முதல் பாட்டு போனது, எப்போது இரண்டாவது வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. கோயில் உற்சவ நாதஸ்வரத்துக்கு அடியில் ஆப்பிரிக்க மேளம் ஒன்றைக் கொண்டுவந்து சேர்த்தாள் ஒரு தடவை. எனக்குப் புல்லரித்துவிட்டது.

அவளுடைய இன்னொரு குணத்தை நான் மெதுவாகத்தான் தெரிந்துகொண்டேன். அந்த நேரத்தில் கை வைத்தவர்களை அவள் விடமாட்டாள்.

எதிர்வீட்டு அம்மா ஒரு கரண்ட் இல்லாத நாளில் டிவி ஓடாததால் பொழுது போகாமல் வந்து உட்கார்ந்துவிட்டார். மருமகனின் குடியில் ஆரம்பித்து, மூட்டு வலிக்கு வந்து, சொந்தக்காரப் பெண் ஓடிப்போன கதையில் முடித்தார். அக்கா காபி கொடுத்து, முகம் கோணாமல் கேட்டாள். கரண்ட் வந்தது. தறி ஓட ஆரம்பித்தது. எதிர்வீட்டு அம்மா எழுந்து போனார்.

அந்த அம்மா விடாமல் பார்க்கிற ஒரு சீரியல் உண்டு. அந்த வாரம் அதில் யாரோ ஒருத்தியின் குழந்தைக்கு அப்பா யார் என்று தெரியப்போகிற நாள். அக்கா சரியாக அந்த நேரத்துக்குக் கிளம்பினாள். "வாடி, நீயும்" என்று என்னையும் கூட்டிப்போனாள். டிவிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மருமகன் எப்படியிருக்கிறார், மூட்டு எப்படியிருக்கிறது, ஓடிப்போன பெண் திரும்பி வந்தாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். தமிழில் கேட்டு முடித்துத் தெலுங்கில் ஒருமுறை கேட்டாள். அந்த அம்மா கழுத்தை இப்படியும் அப்படியும் வளைத்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. பாட்டுப் போட்டுத் தொடரும் என்று வந்தபிறகுதான் அக்கா எழுந்தாள்.

படியிறங்கும்போது சொன்னாள்: "அவங்க என் நேரத்த எடுத்துகினாங்க. நான் அவங்க நேரத்த எடுத்துகினேன். ஒரு சத்தம் போட்டனா? ஒரு வார்த்த மீறிப் பேசினனா?"

தன் வீட்டுக்காரரையும் அவள் விடவில்லை. நல்ல மனுஷர், அதிர்ந்து பேசமாட்டார். கரண்ட் இல்லாத ஒரு நாளில் கிரிக்கெட் பார்க்கிற ஆசையில், முந்தின நாள் முழுதும் அவள் சார்ஜ் ஏற்றி வைத்திருந்த லேப்டாப்பிலிருந்து தன் போனுக்குச் சார்ஜ் எடுத்துவிட்டார். மறுநாள் அவர் குளிக்கப் போனார். தலையிலும் உடம்பிலும் சோப்பு ஏறிய நேரம் பார்த்து அக்கா மொட்டைமாடித் தொட்டியின் வால்வை மூடினாள். கீழேயிருந்து முதலில் அவள் பெயர் கேட்டது. பிறகு "ஏம்மா" கேட்டது. பிறகு கெஞ்சல். அக்கா தொட்டிமேல் சாய்ந்துகொண்டு, கொடியில் காயும் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். அவசரமே இல்லை. மடித்து முடித்து வால்வைத் திறந்தாள். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு லேசாகப் பயம் வந்தது.

அவள் பாவா என்று கூப்பிட்டது கணவரின் அண்ணனை. வீட்டுக்குப் பெரியவர், தறிக்கும் அவர்தான் எஜமான். அவருக்கு மைக் என்றால் உயிர். காதுகுத்தோ, கடை திறப்போ, எங்கே மைக்கைப் பார்த்தாலும் இரண்டு வார்த்தை பேசாமல் இறங்கமாட்டார். இரண்டு வார்த்தை முடிவதற்குள் பந்தியில் சாம்பார் ஆறிவிடும்.

ஆடிக் கிருத்திகை வந்தது. ஊர் முழுக்கக் காவடி. மலைக்குப் போகிற ஒரு காவடிக் கூட்டத்துக்கு ஸ்பீக்கர் வண்டி ஓட்டியவன் பாவாவுக்குத் தெரிந்தவன். அவனுடைய பெட்டி கெட்டுப்போய்விட்டதாம். பாவா நேராக மாடிக்கு வந்து, மூட்டையைத் தள்ளி, அக்காவின் பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அக்கா அப்போது கீழே கிருத்திகைப் பந்திக்கு வடை சுட்டுக்கொண்டிருந்தாள். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பெட்டி அடுத்த நாள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. கரண்ட் இல்லாத நாள் ஒன்று வந்து போனது. இன்னொன்றும் போனது. அக்கா அந்த நாட்களில் நூல் மூட்டை அறைக்கு வந்து சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கிப் போனாள். கடைசியில் ஒருநாள் ஒரு பாலித்தீன் பையில் பெட்டி திரும்பி வந்தது. பித்தான்களின் சந்தில் பஞ்சாமிர்தம் இறங்கி இறுகியிருந்தது. ஒரு தட்டு அசையவே இல்லை. நான் வேலை செய்யுமிடத்திலிருந்து ஸ்பிரிட்டும் பஞ்சும் கொண்டுவந்து கொடுத்தேன். காது குடையும் பஞ்சுக் குச்சியை நனைத்து நனைத்து அவள் ஒவ்வொரு சந்தாகத் துடைத்தாள். எறும்புகள் வந்துகொண்டே இருந்தன. ஒரு தட்டு பிழைத்தது. இன்னொன்று பிழைக்கவில்லை.

படியேறி வந்த பாவா வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, அதுக்குப் போயி முகத்த தூக்கி வச்சிகினு கீற? மாசத்துல ஒரு நாள் தடவுற பொட்டி. மீதி நாளெல்லாம் சும்மாதான கெடக்குது? முருகன் காரியத்துக்குத்தான குடுத்தேன்?"

"ஆங், பாவா" என்றாள் அக்கா. அவ்வளவுதான். குரலில் ஒன்றுமே இல்லை. நான் அவள் கையிலிருந்த பஞ்சுக் குச்சியைப் பார்த்தேன். அது இரண்டாக முறிந்திருந்தது.

அடுத்த தை மாதம் பாவாவின் மகனுக்குக் கல்யாணம். பெண் திருவாலங்காட்டுப் பக்கம். அம்மா இல்லாத பெண். கரும்பு போடுகிற அப்பா ஒருவர்தான் வளர்த்தார். மலைமேல் கோயிலில் தாலி கட்டி, கீழே மண்டபத்தில் வரவேற்பும் மதியச் சாப்பாடும். பாவா பெரிய ஏற்பாடு செய்திருந்தார். நெசவாளர் சங்கத்துத் தலைவர் பதவிக்கு நிற்கவேண்டும் என்பது அவருடைய வெகுநாள் எண்ணம். கட்சியில் பெரிய புள்ளி ஒருவர் வருகிறார். அவரைப் பக்கத்தில் நிறுத்தி, ஊர்த் தறிக்காரர்கள் எல்லோர் முன்னாலும் மைக்கில் அதை அறிவிப்பது என்று முடிவு. ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்தார். மாடிவரைக்கும் கேட்டது.

மண்டபத்துக்கு ஸ்பீக்கர்கள் வந்து இறங்கின. டிஜே வரவில்லை. வேறு ஒரு கல்யாணத்தை ஒப்புக்கொண்டு அங்கே போய்விட்டான். போனையும் எடுக்கவில்லை. பாவா வியர்த்துப்போய், பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அக்காவிடம் வந்தார்.

"அம்மா, உன் பொட்டிய எடுத்துகினு வாம்மா. மானம் போவுது."

"அது ஒரு பக்கம் செத்துக் கெடக்குது, பாவா."

"எப்படியாவது பண்ணும்மா. நான் கை காட்டினா மட்டும் நிறுத்து. ரெண்டு வார்த்த பேசணும். எனக்கு அப்புறம் சம்பந்தியும் ஏதோ பேசணும்ன்றாரு."

அக்கா கொஞ்சம் யோசிப்பதுபோல நின்றாள். "நடு பாட்டுல நிறுத்தினா கேவலமா இருக்கும், பாவா. பெரிய மனுஷங்க வந்திருக்கறாங்க. பாட்டு முடிஞ்சதும் பேசுங்க."

"சரிம்மா, பாட்டு முடிஞ்சதும்" என்றார் அவர்.

பாட்டு முடியவே இல்லை.

ஒரு தட்டு செத்த பெட்டியை வைத்துக்கொண்டு அவள் செய்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஊர்வல மேளத்தில் ஆரம்பித்தாள். கிழவர்கள் தலையாட்டினார்கள். அதற்கடியில் ஒரு தெலுங்குக் கல்யாணப் பாட்டு வந்தது. ஆந்திராப் பக்கத்துச் சொந்தமெல்லாம் எழுந்து முன்னால் வந்துவிட்டது. அது போய்க் கானா வந்தது. தறிக்காரப் பையன்கள் செருப்பைக் கழற்றிப் போட்டார்கள். பாவா மேடை ஓரத்தில் மைக்கோடு வந்து நின்று கை காட்டினார். அக்கா ஹெட்போனைத் தொட்டுக் காட்டி, ஒரு விரலைத் தூக்கினாள். இந்த ஒரு பாட்டு. பாவா தலையாட்டினார். அந்த ஒரு பாட்டு இன்னொன்றுக்குள் போனது. அது இன்னொன்றுக்குள். எங்கேயும் ஒரு மூச்சு விடுகிற சந்து இல்லை. பெரிய புள்ளியைப் பெண்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். அவரும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆட ஆரம்பித்தார். இனி பாட்டை நிறுத்தச் சொல்லிக் கத்தவும் பாவாவால் முடியாது. மைக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றார். எல்லோரும் அவரைப் படம் எடுத்தார்கள்.

அக்காவின் முகம் அன்றைக்கு இருந்த மாதிரி நான் அதற்குமுன் பார்த்ததில்லை. வடை சுடும்போதுகூட அந்த முகத்தில் இதைவிடச் சூடு இருந்திருக்கும். அவ்வளவு அமைதி.

நானும் மனதுக்குள் ரசித்துக்கொண்டுதான் இருந்தேன், மேடைக்குக் கீழே அந்த மனிதரைப் பார்க்கிறவரை. பெண்ணின் அப்பா. மடிப்புக் கலையாத புதுச் சட்டை. கையைக் கட்டிக்கொண்டு, முறை வருவதற்காகக் காத்திருந்தார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. சொல்லவேண்டியதை மறந்துவிடாமலிருக்கத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறார் என்று தெரிந்தது. மேடையிலிருந்து மணப்பெண் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அக்காவின் காதருகே குனிந்தேன். "அக்கா, பொண்ணோட அப்பா நிக்கறாரு. பாவம், அவரு மட்டும் பேசிட்டுப் போவட்டும்."

ஒரு காதை விடுவித்துக்கொண்டு அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவரை நன்றாகவே பார்த்தாள். பிறகு மைக்கோடு நிற்கிற பாவாவைப் பார்த்தாள்.

"இப்ப நிறுத்தினா மைக்க இவருதான் புடிச்சிப்பாரு" என்றாள். ஹெட்போனை மறுபடி இழுத்து மாட்டிக்கொண்டாள்.

பந்திக்குக் கூப்பிட்டார்கள். பெரிய புள்ளி முகத்தைத் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போனார். கை கழுவியதும் அப்படியே காரில் ஏறிவிட்டார். கூட்டமெல்லாம் இலைக்கு ஓடியது. பெண்ணின் அப்பா கொஞ்ச நேரம் நின்றார். யாரோ ரசத்துக்கு ஆள் இல்லையென்று கத்தவே, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பந்திப் பக்கம் போனார். நாற்காலிகள் காலியானபிறகு அக்கா பித்தானை மெதுவாகக் கீழே இழுத்தாள். மண்டபம் அமைதியானது.

"பேசுங்க, பாவா" என்றாள்.

அவர் மைக்கை மேடைமேல் வைத்துவிட்டு இறங்கிப் போனார். அந்தத் தடவை சங்கத்துக்கு வேறொருவர் போட்டியே இல்லாமல் தலைவரானார். பாவா அதற்குப் பிறகு அக்காவோடு நேருக்கு நேர் பேசியதில்லை. உப்பு வேண்டுமென்றால்கூடத் தம்பியிடம்தான் சொல்வார். அக்காவுக்கு அதில் பரம சந்தோஷம். "வடைக்கு உப்பு சரியாயிருக்குதான்னு அவரைக் கேளுங்க" என்று அவர் காதுபட வீட்டுக்காரரிடம் கேட்பாள்.

புதுப்பெண் வீட்டோடு வந்து சேர்ந்தாள். வேலைக்குச் சுணங்காத பெண். அக்காவைச் சின்னத்தை என்று கூப்பிட்டாள். அதிகம் பேசுகிறவள் இல்லை.

அடுத்த கரண்ட் இல்லாத நாள். அக்கா லேப்டாப்பைத் திறந்து ஒயரைச் சொருகிக்கொண்டிருந்தாள். புதுப்பெண் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தாள். பெட்டிக்கு நேர் எதிரில் போட்டு உட்கார்ந்தாள்.

"எங்க அப்பாவுக்கு மேடையில பேசிப் பழக்கமில்ல, சின்னத்தே" என்று ஆரம்பித்தாள். கோபமில்லை. ஊர்க்கதை சொல்கிற குரல். "அதனால கரும்புக் கொல்லையில நின்னுகினு பேசிப் பேசிப் பாத்தாரு. நான் சோறு எடுத்துகினு போறப்ப வரப்பிலேருந்து கேப்பேன். என்னைப் பாத்தா வெக்கப்பட்டு நிறுத்திடுவாரு."

அக்காவின் கை ஒயரிலேயே நின்றது.

"எங்க அம்மா பேர அத்தினி பேர் முன்னால ஒரு தடவ சொல்லணுமாம். அவ்ளோதான் அவருக்கு ஆச. வேற ஒண்ணுமில்ல."

அவள் அதோடு நிறுத்தவில்லை. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது, அப்பா தலை பின்னிவிடக் கற்றுக்கொண்டது, பின்னல் கோணலாக இருக்கிறதென்று பள்ளிக்கூடத்தில் சிரித்தது என்று ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் சொன்னாள். ஒன்று முடிகிற இடத்தில் இன்னொன்று ஆரம்பமானது. லேப்டாப் திரை தானாக அணைந்தது. கீழே தறி ஓடத் தொடங்கியதும் பெண் சட்டென்று எழுந்தாள். முக்காலியை எடுத்துக்கொண்டாள். "கரண்ட் வந்துடுச்சி, சின்னத்தே. வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அடுத்த மாதமும் வந்தாள். அதற்கடுத்த மாதமும்.

அக்கா என்ன செய்யப்போகிறாளோ என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். எதிர்வீட்டு அம்மாவையும் சொந்தப் புருஷனையும் விடாதவள். அவள் ஒன்றும் செய்யவில்லை. பெட்டியைக்கூட வெளியே எடுப்பதில்லை. பெண் உட்காருவதற்கு வசதியாக மூட்டையை நகர்த்தி வைத்துவிட்டு, அவளுக்கும் சேர்த்துக் காபி போட்டு எடுத்து வந்தாள்.

ஒருநாள் கேட்டுவிட்டேன். "எத்தினி மாசம்தான்க்கா இப்டி? போவச் சொல்ல வேண்டியதுதான?"

"நான் எடுத்துகினது ஒரு மாசத்து நேரமாடி?" என்றாள். "அந்தாளு இனிமே எந்த மேடையில ஏறிச் சொல்லப்போறாரு?" கொஞ்சம் பொறுத்து, அவளையறியாமல் ஒரு பெருமையோடு சேர்த்துச் சொன்னாள்: "கெட்டிக்காரி. ஒரு சந்து விட மாட்டேன்றா, பாத்தியா?"

எனக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துக் கிளம்பியது ஒரு கரண்ட் இல்லாத நாளில். சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டுச் சொல்லிக்கொள்ளப் போனேன். அறைக் கதவு திறந்திருந்தது. பெண் பேசிக்கொண்டிருந்தாள். அக்கா முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், இரு என்று கையை மட்டும் உயர்த்தினாள். பார்வையைப் பெண்ணிடமிருந்து எடுக்கவில்லை. நானும் கொஞ்ச நேரம் வாசலில் நின்றேன். பேச்சில் எங்கேயாவது ஒரு இடைவெளி வரும், சொல்லிக்கொள்ளலாம் என்று பார்த்தேன். வரவில்லை. கீழே வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். நான் சொல்லிக்கொள்ளாமலே இறங்கிவிட்டேன்.